பெருசு படியிறங்கும் ரீல்

அண்ணனின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீள மாட்டேன் என்றன. பாப்பா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அவற்றின் மேல் சுற்றி, சற்று நேரம் பிடித்துப் பார்த்தாள். மற்ற விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டன. இந்த இரண்டு மட்டும் எதையோ கிள்ளிப் பிடிக்கப் போவதுபோல, நடுவில் ஒரு பட்டாணி அளவு இடைவெளி விட்டு அப்படியே நின்றன.

"விட்டுடுங்க அக்கா," என்றாள் கீழ்வீட்டுத் தையல்காரி. சட்டை மாட்ட உதவிக்கு வந்திருந்தவள். "கை உள்ள போயிடுச்சு இல்ல, போதும். இனிமே யாரு அவர் கையைக் குலுக்கப் போறா."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதுதான், ஆனால் வந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? "டம்ளரையும் இப்படித்தான் பிடிப்பான். துண்டையும் இப்படித்தான். முழுக் கையால ஒரு பொருளைப் பிடிச்சு நான் பாத்ததே இல்ல," என்றாள்.

பாப்பா என்பது அண்ணன் மட்டும் கூப்பிட்ட பெயர். மருந்துக்கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, இன்னமும் பாப்பா. நேற்று மத்தியானத்தோடு அப்படிக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று.

அண்ணன் பார்த்த வேலையை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் விளக்கிச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கடலைப் பிளந்துகொண்டு எழுந்து ஊரையே மிதித்துத் துவைக்குமே ராட்சத மிருகம், அதை நடக்க வைத்தவன் அவன். திரையில் நாலு மாடி உயரம். நிஜத்தில் முழங்கை அளவுப் பொம்மை. உள்ளே இரும்பு எலும்பு, மேலே பஞ்சு, அதற்கு மேல் ரப்பர் தோல். அதன் காலை ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். விலகி நின்று கேமராவில் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி போய் இன்னொரு மயிரிழை. நாள் முழுக்க மாரடித்தால் மிருகம் ஒரு தெருமுனையைத் தாண்டும். நடுவில் யாராவது தும்மி மேஜையை இடித்துவிட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அண்ணன் பொறுத்தான், பூமியை அந்தப் பொம்மைதான் ஆண்டது.

கூட வேலை செய்தவர்கள் பொம்மையைப் 'பெருசு' என்று கூப்பிட்டார்கள். பாப்பா மட்டும் 'அண்ணி' என்பாள். பின்னே என்ன, கல்யாணம் கில்யாணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பகலெல்லாம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேறு என்ன முறை சொல்வது?

"அண்ணி எழுந்தாச்சா?" என்று காலையில் கேட்பாள்.

"எழுந்தாச்சு. இன்னும் இடது கண்ணு மட்டும் திறக்கலை," என்பான் அவன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவர்கள் இருந்தது மாடி வீடு. முன்பக்கம் இரண்டு அறை, பின்பக்கம் ஒரு நீளமான கூடம். அந்தக் கூடம்தான் பட்டறை. பழைய மரத் தரை. பாப்பாவுக்கு இடது கால் சூம்பியது. கைக்குழந்தையில் வந்த ஒரு காய்ச்சல் செய்த வேலை. அவள் காலை இழுத்து நடந்து போனால் தரை லேசாக அதிரும், தரை அதிர்ந்தால் மேஜை மேல் இருக்கும் நகரம் அதிரும். அதனால் அவள் காலடி கேட்டதும் அண்ணன் பொம்மையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான். அவள் கடந்து போகும் வரை அப்படியே நிற்பான். கதவிடுக்கில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சங்கடமாக இருக்கும்.

"என்னால உனக்குத் தொந்தரவு. வேணும்னா உக்காந்தே இருந்துடறேன்," என்று ஒருநாள் சொன்னாள்.

"நீ நட. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான் அவன்.

மாடிப்படி குறுகலானது, இரண்டு பக்கமும் சுவர், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவனும் கூட இறங்குவான். கையைப் பிடிக்க மாட்டான். பிடித்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு படி முன்னால் இறங்கி, திரும்பி அவளைப் பார்த்து நிற்பான். அவள் அந்தப் படிக்கு வந்ததும் அவன் அடுத்த படிக்குப் போவான். "என்னடா வேடிக்கை பாக்கற, கூத்தா நடக்குது," என்று அவள் சிடுசிடுப்பாள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

இதெல்லாம் அந்தப் படம் வருகிற வரைக்கும்தான்.

முதல் காட்சிக்கு அவள் புதுத்துணி உடுத்திப் போனாள். அண்ணன் எப்போதும் போல் உட்காராமல் தியேட்டருக்குள்ளேயே கதவோரம் நின்றுகொண்டான். படம் பாதி ஓடியபின் பெருசு கடலிலிருந்து கரையேறிற்று. வலது காலை வைத்தது. இடது காலை இழுத்தது. மறுபடி வலது காலை வைத்தது. இடுப்பு ஒடிகிற விதம், தோள் ஒரு பக்கம் தாழ்கிற விதம் எல்லாம் கடைக் கண்ணாடியில் அவள் தினமும் பார்ப்பது. பின் வரிசையில் எவனோ "ஏய், நொண்டிடா," என்றான். தியேட்டரே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு. அவள் எழுந்து வெளியே நடந்தாள். திரையில் அது நடந்தது, கீழே இவள் நடந்தாள். அதைப் பார்த்தும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "யாரைப் பாத்துடா செஞ்ச?"

அவன் வெகுநேரம் செருப்பைக் கழற்றினான். பிறகு, "முட்டி மூட்டு லூசாயிடுச்சு பாப்பா. கால் நிக்கலை," என்றான்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? அவன் முகத்திலேயே பொய் எழுதி ஒட்டியிருந்தது. "நாளையிலேர்ந்து என்கூடப் படி இறங்காத," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, சாப்பாடு, துணிமணி, காய்ச்சல், மாத்திரை எல்லாம் பழையபடிதான். ஆனால் அவள் பட்டறைக்குள் கால் வைக்கவில்லை, 'அண்ணி' என்ற பேச்சையும் எடுக்கவில்லை. தினமும் தனியாகவே இறங்கினாள். கடைசிப் படியைத் தாண்டிய பிறகுதான் மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். பெருசுகளின் காலம் முடிந்தது, பட்டறை பூட்டிக் கிடந்தது, தலை நரைத்தது, அந்தக் கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது. ஊரே சிரிக்கட்டும், அதற்கு அவள் பழகிவிட்டாள். என் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தானா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

நேற்றுக் காலை கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவனே ஆரம்பித்தான். மூச்சு வாங்கியது. "பாப்பா. அந்தப் படத்தை அப்புறம் முழுசாப் பாத்தியா?"

அவளுக்குக் கரண்டி கையில் நின்றது. உடம்பு போய்க்கொண்டிருக்கிறவனிடம் வீம்பு பிடிக்க மனம் வரவில்லை. "பாத்தேன்," என்று பொய் சொன்னாள்.

"படிக்கட்டு?"

என்ன படிக்கட்டு என்று அவளுக்குத் தெரியாது. "அதையுந்தான் பாத்தேன். நல்லா இருந்துச்சு," என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனும் தங்கையும் பொய் சொல்வதில் ஒரே லட்சணம், அவனுக்குப் புரிந்திருக்கும். "சரி," என்று கண்ணை மூடிக்கொண்டான். மத்தியானம் அந்தக் கண் திறக்கவில்லை.

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அண்ணனோடு வேலை செய்த இருவர் மூச்சிரைக்க மேலே வந்தார்கள். ஒருவர் கேமராக்காரர், கையில் புரொஜக்டர் பெட்டி. இன்னொருவர் பொம்மைக்கு எலும்பும் மூட்டும் கடைந்து கொடுத்த கடைசல்காரர், கோபக்காரர், அக்குளில் ஒரு தகர டப்பா. இரண்டு பேரும் அண்ணன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். கடைசல்காரர் அந்த இரண்டு விரல்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தங்கச்சி, எங்க ஆளுங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு," என்றார் கேமராக்காரர். "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி, அவன் செஞ்சதுல ஒரு ரீலை அவன் முன்னாடி ஓட்டிடுவோம். சத்தம் எல்லாம் வைக்க மாட்டோம், படம் மட்டும். எந்த ரீலுன்னு அவனவன் முன்னாடியே சொல்லி வச்சிடுவான். வீட்டு மனுஷங்க சரின்னா போடுவோம்."

"என்ன ரீல்?"

"பெருசு கடைசி ரீல்."

"அது வேண்டாம். வேற எவ்வளவோ செஞ்சிருக்கானே, அதுல ஒண்ணு போடுங்க."

"அவன் வேற எதையும் சொல்லலையேம்மா."

தையல்காரி நைசாக எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். பாப்பா அண்ணனின் காலரைச் சரி செய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரி செய்தாள். பிறகு கடைசல்காரர் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பொம்மைக்கு இடது முட்டி லூசா இருந்துச்சா?"

அவர் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலப் பார்த்தார். "என்னது?"

"மூட்டு லூசாயிடுச்சு, அதான் கால் இழுத்துச்சுன்னு அண்ணன் சொன்னான்."

"நான் கடைஞ்ச மூட்டா? லூசா?" சாவு வீடு என்பதெல்லாம் மனுஷனுக்கு மறந்துவிட்டது. "கூடத்துச் சாவி எங்கம்மா?"

சாவியை வாங்கிக்கொண்டு போனவர், உள்ளே எதையெதையோ உருட்டிவிட்டு ஒரு பெட்டியோடு வந்தார். அதற்குள்ளிருந்து பெருசை எடுத்தார். ரப்பர் தோல் இறுகிப் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. முகம் பாதி இல்லை. வயிற்றுப் பஞ்சு பொடியாய்க் கொட்டியது. உள்ளே இருந்த இரும்பு எலும்பில் மட்டும் ஒரு பழுது இல்லை. அவர் அதன் இடது காலை லேசாக மடக்கி, பாதத்தை ஸ்டூல் மேல் வைத்து, வலது காலை அந்தரத்தில் தூக்கிவிட்டு, கையை எடுத்தார். அது ஒற்றைக் காலில் நின்றது. பாப்பா இழுக்கிற அந்த இடது காலில், மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, ஆடாமல் நின்றது.

"இப்ப சொல்லுங்க. லூசா?"

"அப்போ வேணும்னேதான் செஞ்சிருக்கான்."

"பின்னே? நான் அன்னிக்கே கேட்டேன், ஏம்ப்பா நல்ல காலைப் போயி நொண்..." அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பாப்பாவின் பாதங்களைப் பார்த்தார். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பொம்மையைப் பார்த்தார். கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

பாப்பாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குளிப்பாட்டி, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு அழகு பார்த்தது தப்போ என்றுகூடத் தோன்றியது. ஒரு நாளும் முகம் கோணாமல் சோறு போட்டேனே, என்னைத்தான் காட்சி வைத்தாயா?

"போடுங்க," என்றாள். "அப்படி என்னத்தைத்தான் வெட்டி முறிச்சிருக்கான்னு நானும் பாக்கறேன்."

அண்ணனைத் தூக்கிப் போய் அவனுடைய மேஜை மேலேயே படுக்க வைத்தார்கள். நகரங்கள் நின்று நொறுங்கிய மேஜை. ஜன்னல்களுக்குப் போர்வை மாட்டினார்கள். எதிர்ச்சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. பாப்பா அவன் தலைமாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். புரொஜக்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

இருட்டில் தேடு விளக்குகள் வெட்டிக்கொண்டிருந்தன. விமானங்கள் வட்டமிட்டன. பெருசுக்கு விலாவில் காயம். அது கடலுக்குத் திரும்பிப் போகப் பார்க்கிறது, நடுவே துறைமுகத்துக்கு இறங்குகிற பெரிய படிக்கட்டு. அதன் உச்சிக்கு வந்து பெருசு நின்றது.

பாப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

பெருசு இறங்கவில்லை. கீழே ஜனங்கள் அடித்துப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஓடி முடிக்கட்டும் என்று அது ஓரமாக ஒதுங்கி நின்றது. நிற்கும்போது முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, எங்கோ பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டது. பாப்பாவின் கட்டிய கை தளர்ந்தது. அவசரக்காரர்கள் முதலில் போகட்டும் என்று எல்லாப் படிக்கட்டிலும் அவள் நிற்பது அப்படித்தான். நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பதும் அப்படித்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

கூட்டம் ஓய்ந்தது. பெருசு கையை நீட்டிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைத் தொட்டது. இடிக்கவில்லை. உள்ளங்கையை வைத்து, சுவர் தாங்குமா என்று அழுத்திப் பார்த்தது. அப்புறம் இடது காலை முதலில் இறக்கியது. ஒரு மூச்சு விட்டது. வலது காலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சேர்த்தது. ஒரு படி ஆயிற்று. மறுபடி சுவர், மறுபடி இடது கால். அது காலை இறக்கும்போதெல்லாம் அந்த முட்டிக்கு மேல் ரப்பர் தோல் லேசாக நடுங்கியது. உடம்பில் வேறு எங்கும் அவ்வளவு நடுக்கம் இல்லை.

"அது என்ன, தோல் அப்படித் துடிக்குது?" என்று கேட்டாள்.

"விரல் பட்ட தடம்மா," என்றார் கேமராக்காரர். "ஒவ்வொரு படத்துக்கும் அங்க பிடிச்சுப் பிடிச்சு நகத்தறான் இல்ல, ரப்பர் அமுங்கும். ஓட்டிப் பாத்தா துடிக்கிற மாதிரி தெரியும். நாங்க எல்லாம் அதைத் தப்புன்னு அழிப்போம். இவன் அழிக்க விடலை."

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். "உருண்டு விழணும்னு படத்தோட முதலாளி ஒத்தைக் கால்ல நின்னாரு. பெருசு படியில உருண்டா ஜனங்க கைதட்டும்னாரு. இவன் மாட்டவே மாட்டேன்னுட்டான். வேற ஆளை வச்சு உருட்டிக்கோன்னு பட்டறைச் சாவியைக் கழட்டி வச்சிட்டான். கேமராவையும் எங்கிட்ட விடலை. கீழ் படியில வை, அது ஒரு படி இறங்கினா நீ ஒரு படி பின்னால போன்னு உயிரை வாங்கினான்."

அப்போதுதான் பாப்பா அதைக் கவனித்தாள். கேமரா பெருசைத் தூரத்திலிருந்து பார்க்கவில்லை. ஒரு படி கீழே நின்று, திரும்பி, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது இறங்கியதும் பார்க்கிற கண் அடுத்த படிக்குப் போயிற்று. அங்கே நின்று காத்திருந்தது. விழுந்தால் தன் மேல்தான் விழும் என்கிற தூரத்தில் நின்றது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அதற்கும் மீறி அழுகை வந்தது.

பெருசு கடைசிப் படிக்கு வந்தது. தண்ணீர் அதன் பாதத்தைத் தொட்டது. சுவரிலிருந்து கையை எடுத்தது. சுவர் அப்படியே நின்றது. பின்பு தண்ணீருக்குள் நடந்து, இடுப்பளவு, தோளளவு, அப்புறம் வெறும் அலை. ரீல் தீர்ந்து பிலிமின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. கடைசல்காரர் போய் அதை நிறுத்தினார்.

"முதல்ல சிரிச்சாங்க இல்ல, அந்தத் தியேட்டர்ல அப்போ ஒரு பொட்டு சத்தம் கிடையாது," என்றார் கேமராக்காரர். "அவன் மட்டும் திரையைப் பாக்கலை. நீங்க உக்காந்திருந்த நாற்காலியையே பாத்துக்கிட்டு நின்னான்."

படிக்கட்டு பார்த்தாயா என்று கேட்டானே. பார்த்தேன், நல்லா இருந்துச்சு என்றேனே. இன்னும் ஒரே ஒரு காலைப் பொழுது கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அதே கஞ்சி, அதே கரண்டி, அவன் இன்னொரு தரம் கேட்க வேண்டும். இந்தத் தரம் அவள் ஒழுங்காகப் பதில் சொல்லுவாள். முகத்தைத் திருப்பிக்கிட்டு நிப்பேனே, அதைக்கூடவா பாத்து வச்சிருந்த என்று கேட்பாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் ஏதாவது சொல்லுவான்.

ஜன்னல் போர்வைகளை எடுத்ததும் கூடத்துக்குள் வெயில் வந்தது. அண்ணன் வாயால் அந்தப் பழைய பெயரைக் கேட்டிருந்த தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, உங்க அண்ணிகூட எவ்வளவு..." என்று எதையோ ஆரம்பித்தாள்.

"அது அண்ணி இல்ல," என்றாள் பாப்பா.

கீழே வண்டி வந்து நின்றது. தூக்குவதற்கு நாலு பேர் மேலே வந்தார்கள். படி குறுகல், எப்படித் திருப்புவது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் காலை முன்னால் விட்டு, தலை மேல் பக்கம் இருக்கும்படித் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குள் நுழைந்தார்கள். அவனுடைய முகம் மேலே நிற்கிறவளுக்கு ஒரு படி கீழே இருந்தது.

"நீங்க அப்புறமா வாங்கக்கா, அவங்க போயிடட்டும்," என்றாள் தையல்காரி.

பாப்பா கேட்கவில்லை. முன்னால் இருந்தவன் நாலைந்து படி ஒரே வேகத்தில் இறங்கப் பார்த்தான்.

"தம்பி," என்று மேலேயிருந்து கூப்பிட்டாள். "அவசரம் வேண்டாம். ஒரு ஒரு படியா இறங்குங்க. நான் வந்ததும் அடுத்தது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாரம் தோளை அழுத்தியது. ஆனாலும் நின்றார்கள்.

அவள் சுவரில் கையை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். இடது காலை இறக்கி, வலது காலைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"ம்," என்றாள்.

அவர்கள் ஒரு படி இறங்கி நின்றார்கள்.